வழிப்போக்கன் சகோ

கதவைத் திறந்ததும் அவர் முதலில் கேட்பது, "இன்னிக்கு என்ன நடந்தது?" என்பதுதான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். விரல் இடுக்குகளில் கிரீஸ் இருக்கும், தோளில் கருவிப்பை தொங்கும், காலில் இருக்கும் செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார். அதற்குள் கேட்டுவிடுவார். ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்குச் சாப்பிட்டு முடிக்கும்வரை பதில் வரும். இப்போது ஒரே வரி.

"அதான் போட்டிருக்கேனே. பார்த்துக்கோங்க."

சொல்லிவிட்டு அவர் மனைவி மறுபடி போனுக்குள் குனிந்துகொள்வாள். சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கும். அதில் குறையே சொல்ல முடியாது. அவர் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, தான் மெல்லும் சத்தத்தைத் தானே கேட்டபடி சாப்பிடுவார். எதிரே இருக்கும் அவள் உதடு போனைப் பார்த்துச் சிரிக்கும். யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருப்பாள். அந்த யாரோ தானாக இருக்கக் கூடாதா என்று அவர் மனம் ஏங்கும்.

அந்தப் பகுதியில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். உயரமான கட்டடங்களின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், புறா எச்சம் படிந்த ஒரு சின்ன அறை இருக்குமே, அதுதான் அவருடைய உலகம். அங்கேதான் மோட்டாரும், பெரிய சக்கரமும், அதில் மாட்டிய இரும்புக் கயிறுகளும் இருக்கும். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே போய் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவர வேண்டும். இன்னொருவர் வெளிக்கதவருகே நின்றுகொண்டு, உள்ளே மாட்டியவரிடம் விடாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும். சுற்றுவது அவருடைய கூட்டாளி. வழுக்கைத் தலை பளபளப்பதால் அவனுக்குப் பெயர் பல்பு. பேசுவது இவர்.

அந்தப் பேச்சுக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். 'பயப்படாதீங்க' என்று மட்டும் சொல்லவே கூடாது. அதுவரை பயத்தை நினைக்காதவனுக்கும் அந்த வார்த்தை அதை நினைவுபடுத்திவிடும். மூச்சு வாங்க ஆரம்பிக்கும். கதவை உதைப்பான். அதனால் அவர் சம்பந்தமே இல்லாத ஒன்றைக் கேட்பார். "உங்க செருப்பு என்ன கலர்?" உள்ளே இருப்பவர் ஒரு கணம் குழம்பிப் போவார். குனிந்து பார்ப்பார். இருட்டாக இருந்தால் யோசிப்பார். எரிச்சல் வந்தால் இன்னும் நல்லது. சண்டை போடுகிறவன் மயங்கி விழ மாட்டான் என்பது அவர் அனுபவம்.

இந்த வித்தைக்கும் இப்போது வேலை இல்லாமல் போய்விட்டது. போன வாரம்கூட ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். பல்பு மேலே ஓடினான். இவர் கதவில் வாயை வைத்துக் குரல் கொடுத்தார்.

"உள்ள யாருங்க இருக்கீங்க?"

பதில் இல்லை. பலமாகத் தட்டினார்.

"இருக்கோம், இருக்கோம். ஏங்க கதவை உடைக்கறீங்க?" என்றது ஓர் ஆண் குரல்.

"உங்க செருப்பு என்ன கலர் சார்?"

"என்னது?"

"செருப்பு. கலர்."

"யாரோ லூசுபோல" என்று உள்ளே ஒரு பெண் குரல் மெதுவாகச் சொன்னது. பிறகு உரக்க, "அண்ணே, நாங்க நல்லாத்தான் இருக்கோம். இங்க டவர் ஒரு புள்ளிதான் காட்டுது. அதுக்கு ஏதாவது பண்ண முடியுமா?" என்றது.

கதவைத் திறந்தபோது உள்ளே இருந்தவர்கள் குனிந்த தலை நிமிராமல் வெளியே வந்தார்கள். அதில் ஒருவர் மட்டும் நின்று, "ஓ, வந்துட்டமா?" என்று கேட்டுவிட்டு நடந்தார். மேலேயிருந்து வியர்வையோடு இறங்கி வந்த பல்பு விழுந்து விழுந்து சிரித்தான்.

"உன் டிபார்ட்மென்ட்டை இழுத்து மூடியாச்சு மச்சான்."

அவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. ஏனென்றால் அவருடைய வாழ்க்கையே இப்படி ஒரு கதவின் இடுக்கில்தான் தொடங்கியது.

அப்போது அவள் ஒரு துணிக்கடையில் பில் போடும் பெண். ஒருநாள் கடை திறக்கும் நேரத்தில், மின்சாரம் போய் லிஃப்டில் தனியாக மாட்டிக்கொண்டாள். கதவில் விரல் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. உள்ளே கன்னங்கரேல் என்று இருட்டு. அவள் அழும் சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. கடைக்காரர்கள் கூடி நின்று ஆளுக்கொரு ஆறுதல் சொல்ல, அழுகை கூடிக்கொண்டே போனது. லிஃப்ட்காரர் எல்லோரையும் விலக்கிவிட்டு இடுக்கருகே உட்கார்ந்தார்.

"உங்க செருப்பு என்ன கலர்?"

அழுகை சட்டென்று நின்றது. "நான் இங்க செத்துட்டிருக்கேன். உங்களுக்குச் செருப்பு கலர் வேணுமா?"

"சாகறவங்க இவ்வளவு சத்தமா பேச மாட்டாங்க. கலரைச் சொல்லுங்க."

"கறுப்பு."

"நல்லாத் தெரியுமா?"

"இல்ல, பிரவுன். இருட்டுல எப்படிங்க தெரியும்? காலையில கூட இருக்கிறவ என்னோடதைப் போட்டுட்டுப் போயிட்டா. அவ எப்பவும் இப்படித்தான். சீப்பை எடுப்பா, குடையை எடுப்பா..."

"அப்புறம்?"

அவ்வளவுதான். அணை திறந்தது. அறைத்தோழி, விடுதிக்காரி, சட்டை வாங்க வந்து சண்டை வாங்கிப் போன கிழவர் என்று ஒவ்வொருவராக அந்த இருட்டிலிருந்து வெளியே வந்தார்கள். அவள் ஒவ்வொருவர் குரலிலும் பேசிக் காட்டினாள். அவர் உம் கொட்டிக்கொண்டே இருந்தார். மேலே பல்பு லிஃப்டைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கத்தியபோது, இவ்வளவு சீக்கிரமா என்று அவருக்கு வருத்தமாக இருந்தது. கதவு திறந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அவள் காலைத்தான் பார்த்தார்கள். ஒன்று கறுப்பு. இன்னொன்று பிரவுன். அவள் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்து மறுபடி அழுதாள்.

கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. அவர் வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தால் அவளுடைய நாள் அவர் முன் விரியும். வாயில் சோறு இருக்க, அவர் உம் கொட்டுவார். 'அப்புறம்?' என்பார். வேறு எந்தச் சொத்தும் சேர்க்காத அந்த மனிதர் தன்னைப் பணக்காரனாக நினைத்துக்கொண்டது அந்த நேரத்தில்தான்.

ஒரே மகன் வேலை கிடைத்து வெளியூர் போனான். போகும்போது அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்து, "நீ பேசறதை இதுல பிடிச்சுப் போடும்மா, ஊரே கேட்கும்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் பேசினாள். 'ஜன்னலோரம்' என்று பெயர் வைத்தாள். மகன் சொன்னது பலித்தது. ஊரே கேட்டது. ஜன்னல் அக்கா, ஜன்னல் அக்கா என்று முகம் தெரியாதவர்கள் உருகினார்கள். மத்தியானம் அவர்களுக்குச் சொல்லி முடித்த கதையைச் சாயங்காலம் மறுபடி சொல்ல அவளுக்கு அலுப்பாக இருந்தது. அதனால்தான் அந்த ஒரு வரி. 'அதான் போட்டிருக்கேனே.'

அவரும் பார்த்தார். வேறு என்ன செய்வார்? கட்டட உச்சியில் இருக்கும் அந்த மெஷின் ரூமில் டவர் நன்றாகக் கிடைக்கும். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அவள் கட்டிய சாப்பாட்டை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். தன்னை அறியாமல் உம் கொட்டுவார். ஒருநாள் பல்பு இதைப் பார்த்துவிட்டான்.

"யார்கிட்ட மச்சான் உம் கொட்டற?"

"யாருமில்லடா."

"இங்க உம் கொட்டினா உன் வீட்டுக்குக் கேட்குமா? எழுது. கீழ எவ்வளவு பேர் எழுதறான் பாரு. எழுதினவனுக்கெல்லாம் தங்கச்சி பதில் போடுது."

"கட்டின பொண்டாட்டிக்கு இதுலயா எழுதறது? சிரிப்பா."

"அப்ப வேற பேர்ல எழுது."

பல்புவே ஒரு சூரியகாந்திப் படம் தேடிப் போட்டு, 'வழிப்போக்கன்' என்று பெயரும் வைத்துக் கொடுத்தான். பார்க்கிறவர்கள் எல்லோரும் அக்கா என்றும் சகோதரி என்றும் தொடங்கி எழுதியிருந்தார்கள். அவருக்கு அது மட்டும் கை வரவில்லை. மொட்டையாக எழுதினார். 'அப்புறம் அந்த எதிர் வீட்டு அம்மா என்ன சொன்னாங்க?'

அடுத்த வாய் எடுப்பதற்குள் பதில் வந்தது. 'அதை நாளைக்குச் சொல்றேன் வழிப்போக்கன் சகோ.' பக்கத்தில் கும்பிடும் கைகள் வேறு.

"சகோன்னு போட்டிருக்கா" என்றார் பரிதாபமாக.

"தாத்தான்னு போடாம விட்டதே, சந்தோஷப்படு."

அன்றிலிருந்து அவருக்கு இரண்டு வாழ்க்கை. மத்தியானம் அவள் அவரோடு பேசினாள். சிரித்தாள். 'நீங்க கேட்டதும்தான் ஞாபகம் வருது சகோ' என்று அவருக்காகவே ஒரு கதையின் மிச்சத்தைச் சொன்னாள். சாயங்காலம் அதே அவள் மூடி வைத்த தட்டைக் காட்டினாள். மத்தியானத்து மனிதனைப் பார்த்து, சாயங்காலத்து மனிதன் வயிறெரிந்தான். தன்மேலேயே பொறாமைப்படும் கொடுமை வேறு யாருக்கு வாய்க்கும்?

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளே பேச்சை எடுத்தாள். அவர் நெஞ்சு துள்ளியது.

"வழிப்போக்கன்னு ஒருத்தர் எழுதறார். என்ன அழகா கதை கேட்கறார் தெரியுமா? எங்க 'அப்புறம்'னு கேட்கணுமோ அங்க கரெக்டா கேட்கறார்."

"அப்படியா?"

"யார் பெத்த பிள்ளையோ. அந்த மனுஷன் வீட்டுல பேசறவங்க கொடுத்து வச்சவங்க."

நான்தான் அது என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் மத்தியானமும் போய்விடுமே. தண்ணீர் குடித்து அதை உள்ளே தள்ளினார்.

"நாளைக்கு ஒரு பெரிய கதை போடப் போறேன்" என்றாள் அவள், எழுந்துகொண்டே.

"என்ன கதை?"

"போடும்போது பார்த்துக்கோங்க."

மறுநாள் மெஷின் ரூமில் டப்பாவைத் திறக்காமலே போனைத் திறந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அவள். நல்ல புடவை கட்டியிருந்தாள். "நானும் என் வீட்டுக்காரரும் எப்படிச் சந்திச்சோம்னு இன்னிக்குச் சொல்லப் போறேன்" என்று தொடங்கினாள்.

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தக் கதையை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கதவிடுக்குப் பேச்சு அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது. கொஞ்சம் வலித்தது. ஆனாலும் கேட்டார். இருட்டு வந்தது, அழுகை வந்தது, கதவிடுக்கு வந்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்போ அந்தப் பக்கத்துல இருந்து ஒரு குரல். 'பயப்படாதீங்க. உங்களுக்கு நான் இருக்கேன்.' அந்த ஒரு வார்த்தையிலேயே நான் விழுந்துட்டேன்."

செருப்பு இல்லை. கறுப்பும் பிரவுனும் இல்லை. தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இல்லை. கீழே இதயங்கள் கொட்டிக்கொண்டிருந்தன. 'இப்படி ஒரு கணவர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்கணும் அக்கா.'

கணவனாக அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். உள்ளே இருந்த லிஃப்ட் மெக்கானிக்குத்தான் பொறுக்கவில்லை. எந்த ஒரு வார்த்தையை வாழ்நாள் முழுக்க வாயில் வராமல் காத்தாரோ, அதையே அவர் சொன்னதாக ஊரெல்லாம் கேட்கிறது. கிரீஸ் விரலால் தட்டினார்.

'அவர் பயப்படாதீங்கன்னு சொல்லவே இல்லை. எந்த லிஃப்ட் மெக்கானிக்கும் அதைச் சொல்ல மாட்டான். உங்க செருப்பு என்ன கலர்னுதான் கேட்டார்.'

அனுப்பிவிட்டுத்தான் டப்பாவைத் திறந்தார். திறந்த கை அப்படியே நின்றது.

"மச்சான்" என்றான் பின்னாலிருந்து படித்த பல்பு. "நீ மாட்டின. அந்தக் கதவிடுக்குல உட்கார்ந்து பேசினது நீ ஒருத்தன்தானே? அழிடா அதை."

எப்படி அழிப்பது என்று அவருக்குத் தெரியாது. பல்பு போனைப் பிடுங்கித் தேடினான். அதற்குள் வீடியோவே காணாமல் போயிருந்தது. அவள் எடுத்துவிட்டாள். மற்ற வீடியோக்களின் கீழே எல்லாம் அவளுடைய பதில்கள் அப்படியே இருந்தன. வழிப்போக்கனுக்கு மட்டும் புதிதாக ஒன்றும் வரவில்லை. அவர் காத்திருந்தார். டப்பாவில் சாப்பாடு காய்ந்தது.

"பொம்பளை கோவிச்சுக்கிட்டா சமாளிச்சிடலாம்" என்றான் பல்பு. "அவமானப்பட்டுட்டா கஷ்டம். வீட்டுக்குப் போ. இங்க வேலையை நான் பார்த்துக்கறேன்."

வழியெல்லாம் அவருக்கு ஒரே நினைப்பு. இனி அவள் மத்தியானமும் பேச மாட்டாள். ஒட்டுக்கேட்ட திருடனாகத்தான் தன்னைப் பார்ப்பாள். இருந்ததும் போச்சு.

வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. கூடத்தில் யாருமில்லை. ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. சாப்பாட்டு மேசைமேல் அவள் போன் தனியாகக் கிடந்தது. அவள் கையில் இல்லாமல் அதைப் பார்ப்பது அவருக்கு என்னவோ போல் இருந்தது. உள் அறைக் கதவு மூடியிருந்தது. தட்டினார்.

எத்தனையோ கதவுகளுக்கு வெளியே நின்று எத்தனையோ பேரைப் பேசவைத்தவர். அன்று ஒரு சொல் கிடைக்கவில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து அவள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவளும் கதவருகேதான் நிற்கிறாள்.

"உங்க செருப்பு என்ன கலர்?" என்றது குரல்.

அவசரத்தில் கழற்ற மறந்திருந்தார். குனிந்து காலைப் பார்த்தார். கண்ணீரில் நிறம் தெரியவில்லை. தெரியவும் வேண்டியிருக்கவில்லை.

"ஒண்ணு கறுப்பு" என்றார். "இன்னொண்ணு பிரவுன்."

உள்ளே ஒரு விசும்பல். அது சிரிப்பா, அழுகையா என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

"நீங்க எழுதினது எல்லாத்தையும் திரும்பப் போய்ப் படிச்சேன். எல்லாரும் அக்காங்கறான், சகோதரிங்கறான், இந்த ஆள் மட்டும் ஏன் மொட்டையா எழுதறான்னு அப்பவே நினைச்சேன்" என்றாள். "உங்களைப் போய் சகோன்னு எழுதியிருக்கேன். ஏன் நேர்ல கேட்கல?"

"கேட்டேனே. தினமும் கதவைத் திறந்ததும் கேட்டேன்."

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"கேட்பீங்க. நானும் ஆரம்பிப்பேன். நாலு வார்த்தை பேசறதுக்குள்ள தட்டு முன்னாலயே குறட்டை வரும். பையன் போனதுக்கப்புறம் வீடே ஓஞ்சு போச்சு. நான் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துப் பேசிட்டிருப்பேன். போன்ல படம் பிடிக்கறப்ப எரியற அந்தச் சிவப்புப் புள்ளியாவது முழிச்சிட்டிருந்தது."

அவருக்குத் தெரியாது. தூங்குகிறவனுக்குத் தான் தூங்குவது எப்படித் தெரியும்? அந்த நாட்களில் புதுக் கட்டடங்கள் வரிசையாக எழும்பின. இரவு பகல் பார்க்காமல் வேலை இருந்தது. அவள் பேசுவது குறைந்தது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. தான் கேட்பது குறைந்தது தெரியவில்லை.

"மத்தியானம் முழிச்சுட்டுத்தானே கேட்டேன்" என்றார் குழந்தையைப் போல.

"அதான் எனக்கு ஆத்திரம். பக்கத்துல இருந்தா தூங்கறீங்க. தூரத்துல இருந்தா முழிச்சிருக்கீங்க."

"கதவைத் திற."

"வேண்டாம். கொஞ்ச நேரம் இப்படியே இருங்க."

அவள் கதவில் சாய்ந்தபடி கீழே உட்காருவது கேட்டது. புடவை மரத்தில் உரசியது. அவரும் இந்தப் பக்கம் உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக்கொண்டார். நடுவில் ஒரு பலகை. அவ்வளவு பக்கத்தில் அவர்கள் இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"இன்னிக்குக் காலையில ஒண்ணு நடந்தது" என்றாள். "இதை நான் எங்கேயும் போடல."

"உம்."

"எதிர் வீட்டுக்காரர் தலையில வைக்கிற டோப்பா இருக்கில்ல, அதைத் துவைச்சுக் கொடியில காயப்போட்டிருந்தாங்க. காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு."

"உம்."

"அவர் மொட்டைத் தலையோட மாடிக்கு ஓடறார். அந்த அம்மா பின்னாலயே ஓடுது. 'வேலைக்கு எப்படிப் போவீங்க, வேலைக்கு எப்படிப் போவீங்க'ன்னு..." எதிர் வீட்டு அம்மாளின் கீச்சுக் குரல் அப்படியே கதவுக்குள்ளிருந்து வந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மேசைமேல் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. வீடியோ எங்கே போயிற்று என்று ஊர் கேட்கிறது போலும். மேசையின் மரம் அந்த அதிர்வில் உறுமியது. உள்ளே அவள் பேச்சு நின்றுவிட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். எழுந்து வருவாளா? வளையல் ஒரு முறை குலுங்கியது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். எடுக்காதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போய் எடு என்று சொல்ல மனம் வரவில்லை. அவருக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான்.

"அப்புறம்?" என்றார்.

போன் இன்னொரு முறை உறுமிவிட்டு ஓய்ந்தது.

"அப்புறம் என்ன" என்றாள் அவள், கதவில் தலையை நன்றாகச் சாய்த்துக்கொண்டு. "அந்தக் காக்காய்க்கே அது பிடிக்கல போல. திரும்பி வந்துச்சு."